நடந்தே தலைநகருக்கு வந்த வான்கோழிகள்

மாட்ரிட் நகரின் நடுவில் இருக்கும் பிளாசா மயோர் சதுக்கத்தில் டிசம்பர் மாதம் முழுக்க வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் போட்டிருப்பார்கள். குடில் பொம்மைகள்தான் அங்கே முக்கியமான வியாபாரம். குழந்தை இயேசு, மரியா, சூசை, ஞானிகள் மூவர், ஆடு மேய்ப்பவர்கள் எல்லாம் நம் ஊர்க் குடில்களில் இருப்பதுபோலத்தான். அவர்களுக்கு நடுவே கையில் நீளமான கோலோடு ஒரு ஆள், காலடியில் நாலைந்து வான்கோழிகள். இயேசு பிறந்த காலத்துப் பெத்லகேமில் வான்கோழியே கிடையாது. அது மெக்சிகோ பக்கத்துப் பறவை. கொலம்பஸ் கடல் கடந்து போன பிறகுதான் ஐரோப்பா அதைக் கண்ணால் பார்த்தது.

அப்படியிருந்தும் ஸ்பானியக் குடும்பங்கள் அந்த ஆளைக் குடிலில் வைக்கின்றன. தாத்தா பாட்டி காலத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்பதற்குத் தெருவில் கண்ட முதல் அடையாளம் அவர்தான். பாவோ என்றால் வான்கோழி. அதை மேய்த்தும் விற்றும் பிழைத்தவர் பவேரோ, பெண்ணாக இருந்தால் பவேரா. இவர்கள் யார், ஏன் உயிரோடு பறவைகளைத் தலைநகரத் தெருக்களில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், பிறகு ஏன் காணாமல் போனார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். இந்தச் சின்ன வியாபாரத்துக்குள் ஸ்பெயினின் நிலக் குத்தகை, பசி, சமையல், பேச்சுவழக்கு எல்லாம் சிக்கிக் கிடக்கின்றன.

குளிர்பதனப் பெட்டியும் லாரியும் இல்லாத காலத்தில் இறைச்சியை நூறு, இருநூறு கிலோமீட்டர் கொண்டுபோவது பெரிய பாடு. வெட்டினால் கெட்டுப்போகும். கூடையில் அடைத்துக் கழுதைமேல் ஏற்றினால் எத்தனை பறவைகளைத்தான் ஏற்ற முடியும்? வான்கோழிக்குக் கால் வலு உண்டு, கூட்டமாக நடக்கும், கோலுக்குக் கட்டுப்படும். அதனால் அதை நடத்தியே கூட்டிவந்தார்கள். காஸ்தியா, லா மாஞ்சா, எக்ஸ்த்ரெமதூரா பகுதிகளிலிருந்து மந்தை மந்தையாக மாட்ரிட்டுக்குக் கிளம்புவார்கள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக்கிடக்கும் தானியமும், ஓக் மரத்தடியில் விழுந்த கொட்டைகளும் வழிச்சாப்பாடு. தீவனச் செலவு மிச்சம், பறவைக்கும் போகிற வழியிலேயே வயிறு நிறையும்.

இந்தப் பறவையிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பொழுது சாய்ந்தால் மரக்கிளை தேடி ஏறி அடைந்துவிடும். அப்புறம் விடியும்வரை நகராது. டிசம்பரில் அங்கே பகல் குறைவு, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு தூரம் நடப்பது, எங்கே ராத்தங்குவது என்பதைப் பறவைகளே தீர்மானித்தன. மந்தைக்காரர் குளிரில் மரத்தடியில் படுத்துக்கொண்டு நரிக்கும் திருடனுக்கும் காவல் காப்பார். நடக்கும்போது மந்தையின் எடை குறைந்துவிடாமல், அதே நேரம் பண்டிகைக்கு முன்பே ஊர் போய்ச் சேருகிற மாதிரி நாளைக் கணக்குப் பண்ண வேண்டும். நாள் தவறிப்போனால் ஒரு வருட உழைப்பே வீண்.

மாட்ரிட்டில் அவர்கள் வந்து இறங்கிய இடங்களில் முக்கியமானவை பிளாசா மயோரும் பக்கத்திலுள்ள சாந்தா குரூஸ் சதுக்கமும். மூன்றாம் பிலிப் அரசர் காலத்தில் 1617-க்கும் 1619-க்கும் இடையே கட்டப்பட்ட பிளாசா மயோர் மாளிகைகள் சூழ்ந்த கம்பீரமான இடம். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் அங்கே பழம், இனிப்பு, மீன், கோழி, வான்கோழி என்று கூச்சலும் நெரிசலுமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே நாடக ஆசிரியர் ரமோன் தெ லா குரூஸ் இந்தச் சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தையே களமாக வைத்து ஒரு சிறு நாடகம் எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களிலும் இதே காட்சி உண்டு. டிராம் ஓடும் நகரத்துக்குள் கல் பாவிய தரையில் கறுப்பு வான்கோழிகள் கும்பலாக நிற்கும். பக்கத்திலேயே கோட்டும் தொப்பியும் அணிந்த நகரவாசிகள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பறவையின் இரு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கையிலேயே எடை பார்ப்பார்கள். மார்பில் விரலை ஓட்டி நெஞ்செலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருக்கிறதா, சதையில் புதைந்திருக்கிறதா என்று தடவுவார்கள். வாயால் ஊதி இறகை விலக்கித் தோலின் நிறத்தைப் பார்ப்பார்கள். காலில் செதில்கள் வழவழவென்று இருந்து, முள் குட்டையாக இருந்தால் இளம் பறவை. முள் நீண்டு, செதில் சொரசொரத்துப் போயிருந்தால் கிழம், எவ்வளவு வேகவைத்தாலும் மெத்தென்று ஆகாது. பேரம் படியும்வரை இந்தச் சோதனை தொடரும். நாட்டுக்கோழி வாங்கிப் பழகிய யாருக்கும் இது புரியும்.

வாங்கிய பறவையை உடனே அறுக்க மாட்டார்கள். சில நாட்கள் வீட்டில் வைத்திருப்பார்கள். மூன்றாவது மாடி வீடாக இருந்தாலும் சரி, பால்கனியிலோ அடுப்படியின் ஒரு மூலையிலோ காலில் கயிறு கட்டி விட்டுவிடுவார்கள். நடந்து இளைத்த உடம்பைத் தேற்ற வால்நட் கொட்டையை ஓட்டோடு முழுசாகவே தொண்டைக்குள் தள்ளுவது ஒரு வழக்கம். நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அரைவைப் பையின் வலுவால் வான்கோழி அந்த ஓட்டையும் அரைத்துவிடும். அறுப்பதற்குச் சற்று முன்பு பிராந்தியையோ சோம்பு வாசனையுள்ள சாராயத்தையோ ஊற்றிப் போதையாக்குவதும் பல வீடுகளில் நடந்தது. அப்படிச் செய்தால் கறி மிருதுவாகும் என்று நம்பினார்கள். இதற்குள் பிள்ளைகள் அந்தப் பறவைக்குப் பெயர் வைத்துச் செல்லம் கொஞ்சத் தொடங்கியிருப்பார்கள். எத்தனையோ ஸ்பானியர்களின் சிறுவயது நினைவுகளில் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் ஒரு அழுகை வருவது இதனால்தான்.

சரி, மெக்சிகோ பறவை ஸ்பெயினின் பண்டிகைப் பறவை ஆனது எப்படி? மெக்சிகோ பகுதி மக்கள் அதைப் பல நூற்றாண்டுகளாக வீட்டில் வளர்த்துவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியக் கப்பல்கள் அதைக் கொண்டுவந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த தக்காளியும் உருளைக்கிழங்கும் ஐரோப்பியச் சமையலறைக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது. வான்கோழிக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. பெரிய விருந்துகளில் மயிலையும் அன்னத்தையும் பரிமாறிப் பழகிய பணக்கார வீடுகளுக்கு, பார்க்கவும் கம்பீரமாக, தின்னவும் ருசியாக ஒரு பறவை கிடைத்தது. பெயரையும் மயிலிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பாவோ என்பது முதலில் மயிலுக்குரிய சொல். தோகை விரிக்கும் புதிய பறவைக்கு அந்தப் பெயர் போய்விட, மயிலுக்கு 'அரச பாவோ' என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை நாம் பழமொழியில் குறை சொல்கிறோம். ஸ்பானிய மொழியிலோ அது மயிலின் பெயரையே வாங்கிக்கொண்டுவிட்டது.

ஓவியர் கோயா 1808-க்கும் 1812-க்கும் இடையே, நெப்போலியன் படைகளோடு போர் நடந்த கொடிய வருடங்களில், செத்த வான்கோழி ஒன்றைத் தனியாக வரைந்திருக்கிறார். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருந்தின் கொண்டாட்டம் துளியும் இல்லாத படம் அது. விறைத்த கால்களும் சாய்ந்த உடலுமாகக் கிடக்கும் அந்தப் பறவையைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

பேச்சுவழக்கிலும் பாவோ எங்கும் நிறைந்திருக்கிறது. பதின்வயதின் தடுமாற்றக் காலத்தை 'வான்கோழி வயது' என்பார்கள். வெட்கத்தில் முகம் சிவந்தால் 'வான்கோழி ஏறிவிட்டது' என்பார்கள். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று காதலர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் 'வான்கோழிக்கு இறகு பறிக்கிறார்கள்' என்பது வழக்கு. சன்னலோரம் உட்கார்ந்து பெட்டை வான்கோழியின் இறகைப் பறித்தபடியே காதலனோடு பேசிய வேலைக்காரப் பெண்ணின் கதையைச் சொல்லி இதை விளக்குவார்கள். ஐந்து பெசெத்தா நாணயத்துக்கு பாவோ என்று தெருப் பெயர் இருந்தது, பெசெத்தா போனபின் யூரோவுக்கு அது ஒட்டிக்கொண்டது. ஆந்தலூசியாவின் அகல விளிம்புத் தொப்பி வகை ஒன்றுக்கு 'பவேரோ' என்றே பெயர். நள்ளிரவுத் திருப்பலியை 'சேவல் பூசை' என்கிறார்கள். இயேசு பிறந்த செய்தியை முதலில் கூவிச் சொன்னது ஒரு சேவல்தான் என்பது மக்கள் சொல்லும் கதை.

மாட்ரிட்டையும் தெற்கையும் விட்டு வடக்கே போனால் பண்டிகைப் பறவை மாறிவிடுகிறது. அங்கே கபோன், அதாவது காயடித்த சேவல். என்னைக் கேட்டால் இந்த வியாபாரத்தின் ஆழமான கதை வடக்கில்தான் இருக்கிறது.

கலீசியாவின் லூகோ மாகாணத்தில் வில்யால்பா என்று ஒரு ஊர். கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு அங்கே கபோன் சந்தை கூடும். இதற்கான வேலை வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். சேவல் குஞ்சுகள் வளர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகும்போது காயடிப்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கைவசம் இருந்த வேலை இது. உடலைக் கீறி உள்ளே விரல் விட்டு விதைகளை எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் பறவை செத்துப்போகும். காயடித்த சேவல் கூவாது, சண்டைக்குப் போகாது, கொண்டை சிறுத்து வெளிறிவிடும். தின்கிற தீனி எல்லாம் கொழுப்பாக உடம்பில் சேரும். மாதக்கணக்கில் தோட்டத்தில் மேய்ந்த பிறகு, கடைசிச் சில வாரங்கள் அதைக் கப்போயெய்ரா என்ற மரக்கூண்டில் அடைப்பார்கள். நம் பஞ்சாரம் மாதிரி கவிழ்த்து மூடுவதல்ல, அறை அறையாகத் தடுத்த கூண்டு. மக்காச்சோள மாவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பிசைந்து உருட்டிக் கையாலேயே ஊட்டுவார்கள். செஸ்ட்நட் கொட்டையும் சேரும். ஒரு குடும்பம் ஒரு சில ஜோடிகளைத்தான் இப்படி வளர்க்க முடியும்.

இவ்வளவு உழைப்பும் யாருக்காக? பெரும்பாலும் வளர்த்தவர்கள் வாயில் அது போனதில்லை. கலீசியாவில் ஃபோரோ என்று ஒரு குத்தகை முறை இருந்தது. தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதவர்கள் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் தானியமும் பணமும் கொடுத்ததோடு, கிறிஸ்துமஸுக்குக் கபோன்களும் கொடுக்க வேண்டியிருந்தது. குத்தகைப் பத்திரங்களிலேயே இது எழுதப்பட்டிருக்கும். 1926-இல் வந்த ஆணைதான் விவசாயிகள் விலை கொடுத்து இந்தக் கட்டிலிருந்து விடுபட வழிசெய்தது. ஆக, இன்று நாம் ருசிக்காகப் புகழும் இந்தப் பறவை பல நூற்றாண்டுகள் வாடகையாகத்தான் நடமாடியது. சந்தையில் கூடை சுமந்து நின்ற பெண்ணின் முகத்தைப் பழைய படங்களில் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் இதே கதைதான். டிசம்பர் 21, புனித தோமையார் நாள். பண்ணை வீடுகளில் குடியிருந்த குத்தகைதாரர்கள் அன்று பில்பாவோவுக்கோ சான் செபாஸ்தியனுக்கோ வந்து நிலச் சொந்தக்காரரிடம் வருட வாடகையைக் கட்டுவார்கள். மரியாதைக்கு ஒரு ஜோடி கபோனும் கையில் இருக்கும். சொந்தக்காரர் பதிலுக்குச் சாப்பாடு போடுவார். எப்படியும் நகரத்துக்கு வருகிறோம், கையில் இருக்கும் கோழி, காய்கறி, பாலாடைக்கட்டியையும் விற்றுவிடலாமே என்று தொடங்கியது பெரிய சந்தையாக வளர்ந்தது. நம் சென்னையின் சின்னமலையோடும் சாந்தோமோடும் சேர்த்துச் சொல்லப்படும் அதே தோமையார்தான் இவர். 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது அவர் திருநாள் ஜூலை 3-க்கு மாறிவிட்டது. பாஸ்க் விவசாயிகளின் சந்தை மட்டும் டிசம்பர் 21-ஐ விட்டு நகரவில்லை. இன்றும் அந்த நாளில் ஊரே கிராமிய உடை அணிந்து, தாலோ என்ற மக்காச்சோள ரொட்டியில் காரத் தொத்திறைச்சியைச் சுருட்டித் தின்றபடி கூடுகிறது.

கத்தலோனியாவில் சேவலுக்கும் கபோனுக்கும் மதிப்பு. பார்சலோனாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் விலாஃபிராங்கா தெல் பெனெதெஸ் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரக்கடைசியில் சேவல் சந்தை கூடும். பெனெதெஸ் சேவலின் தீனியில் ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சை விதையும் சேரும். பார்சலோனாவை ஒட்டியுள்ள எல் பிராத் ஊரின் கோழி நீலக் கால்களுக்குப் பெயர்போனது. அந்தக் கோழிகள் மேய்ந்த சமவெளியில் இப்போது விமான நிலையம் இருக்கிறது.

பெரிய பறவையாக ஏன் வாங்கினார்கள் என்பது கத்தலான் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தால் விளங்கும். டிசம்பர் 25 மதியம் பல வகை இறைச்சியும் காய்களும் கொதித்த எஸ்குதெய்யா குழம்பு முதலில் வரும். அதன்பின் உலர்ந்த பிளம் பழமும் பைன் பருப்பும் சேர்த்து வாட்டிய சேவல் அல்லது கபோன். மிச்சம் மீதியை மறுநாள், புனித ஸ்தேவான் திருநாளன்று, கொத்தி அரைத்து மாவுச் சுருளுக்குள் திணித்துப் பாலும் வெண்ணெயும் கலந்த வெள்ளைக் குழம்பு ஊற்றிச் சுட்டுவிடுவார்கள். எலும்பு சூப்புக்குப் போகும். வருடத்தில் ஒருமுறை வாங்கும் பறவையின் நகத்தையும் அலகையும் தவிர எதையும் வீணாக்காத கணக்கு அது.

எல்லோரும் தின்பதற்காகத்தான் வாங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. உயிருள்ள பறவை நல்ல அன்பளிப்பு. வைத்தியருக்கும் வக்கீலுக்கும் அதிகாரிக்கும் நன்றியாகவோ, காரியம் ஆக வேண்டியோ, கால் கட்டிய கபோன் ஜோடி ஒன்று வீடு தேடிப் போகும். கிறிஸ்துமஸ் இனாமுக்கு அகினால்தோ என்று பெயர். மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் சாலைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு வண்டியோட்டிகள் அகினால்தோ வைப்பது 1950, 60-களில் பிரபலமாக இருந்தது. மது பாட்டில்களும் இனிப்புப் பெட்டிகளும் அவர் நிற்கும் மேடையைச் சுற்றிக் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் கோழியும் சில நேரம் உயிரோடு கிடக்கும்.

அன்றைய கோழியின் மதிப்பைப் புரிந்துகொள்ள உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பசியை நினைக்க வேண்டும். 1939 முதல் 1952 வரை ஸ்பெயினில் ரேஷன் அட்டை நடைமுறையில் இருந்தது. 1947-இல் எஸ்கோபார் என்ற ஓவியர் கர்பாந்தா என்ற சித்திரக்கதை நாயகனை உருவாக்கினார். பாலத்தடியில் வாழும் அந்த ஏழை எப்போதும் பசியோடு ஒரே ஒரு கனவைத்தான் காண்பான், தட்டில் முழுசாக வாட்டி வைத்த ஒரு கோழி. நாடு முழுவதும் பிள்ளைகள் படித்துச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் கோழி அபூர்வம் என்பதால் அந்தக் கனவு எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது.

1960-களில் நிலைமை தலைகீழானது. பண்ணைகளில் பிராய்லர் கோழி வளர்ப்பு வந்தது, விலை விழுந்தது. வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி நுழைந்தது. லட்சக்கணக்கானவர்கள் கிராமத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குப் போனார்கள், அவர்களோடு அறுக்கவும் இறகு பறிக்கவும் தெரிந்த கைகளும் போயின. சாலைகளில் கார்கள் பெருகிவிட, மந்தையை நடத்திவர வழி இல்லை. நகராட்சிகளும் சுகாதாரம் கருதித் தெருவில் உயிருள்ள பறவை விற்பதை ஒடுக்கின. பவேரோவைத் தடைச்சட்டம் ஒன்று ஒரே நாளில் ஒழித்துவிடவில்லை. தலைநகரம் வரை நடக்க வேண்டிய தேவை போனது, அவர் ஊரிலேயே நின்றுவிட்டார்.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் இரண்டையும் சொல்வேன். கால்கள் கட்டப்பட்டுக் குளிரில் மணிக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிய பறவைகள் பட்ட வேதனை உண்மை, அது இன்று இல்லாததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் விற்பவருக்குத் தன் பறவை எந்தக் காட்டில் மேய்ந்தது, என்ன தின்றது, எத்தனை மாதம் என்பது விரல்நுனியில் இருந்தது. வாங்குபவர் அதை முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. பிளாஸ்டிக் உறையில் வரும் கறியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் நம்ப வேண்டும். வில்யால்பா, பெனெதெஸ், எல் பிராத் மூன்று ஊர்ப் பறவைகளும் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு முத்திரை பெற்றிருக்கின்றன. பவேரோ வாயால் சொன்னதை இப்போது முத்திரை சொல்கிறது.

சந்தைகள் நிற்கவில்லை. வில்யால்பாவில் இன்றும் விடிவதற்கு முன்பே வளர்த்தவர்கள் வந்துவிடுகிறார்கள். அறுத்து இறகு பறித்துச் சுத்தம் செய்த கபோன்களைக் கூடைகளில் ஜோடி ஜோடியாக அடுக்கி, அவற்றின் மஞ்சள் கொழுப்பையும் பக்கத்திலேயே பரப்பி வைக்கிறார்கள். எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வளர்த்தவரின் கைப்பக்குவத்தை அளப்பார்கள். உயிருள்ள பறவைகளைக் காட்டும் சந்தைகளுக்குத்தான் புதிய சங்கடம் வந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் பரவும் ஆண்டுகளில் பறவைகளை ஓரிடத்தில் கூட்டவே அனுமதி கிடைப்பதில்லை. 2025 நவம்பரில் ஸ்பெயினின் வேளாண் அமைச்சகம் திறந்தவெளியில் வளரும் கோழிகளை நாடு முழுவதும் கூரைக்குள் அடைக்க உத்தரவிட்டது. சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் பறவைகளை வைக்கவும் தடை போட்டது. ஒரு வருடம் முழுக்கச் சேவலைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள், அந்த டிசம்பரில் அதை ஊர் பார்க்கக் கொண்டுவர முடியாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.